தர்ப்பணத்தில் விட்டுப்போன பெயர்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அந்தமான் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

செயலாளர் என்னை "டாலிகஞ்சிலிருந்து வந்திருக்கிறார்" என்று அறிமுகப்படுத்தினார். உடனே பின்வரிசையில் ஒரு மாமா "கல்கத்தாவா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. ஐம்பது வருஷமாக எனக்குப் பழகிப் போன கேள்வி. கல்கத்தா டாலிகஞ்ச் வேறு. நான் இருப்பது அந்தமானில், போர்ட் பிளேயர் விமான நிலையத்திலிருந்து அதிக தூரமில்லாத டாலிகஞ்ச். ஒரு ஐ.டி.ஐ., மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் மண்டல மையம், கொஞ்சம் குவார்ட்டர்ஸ், நிறைய மழை, அவ்வளவுதான் ஊர். போர்ட் பிளேயருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறிவிட்டது. என் வாய்க்கு இன்னும் பழக்கமாகவில்லை. இந்தப் பேச்சில் பழைய பெயரே வந்தால் பொறுத்துக் கொள்ள வேண்டும்.

"பூர்வீகத்தைத் தேடுவது எப்படி" என்று பேசச் சொன்னார்கள். எப்படி என்று பாடம் நடத்த எனக்குத் தகுதியில்லை. நான் தேடிய கதையைச் சொல்கிறேன். அதில் உபயோகமானது ஏதாவது இருந்தால் எடுத்துக் கொள்ளுங்கள். எங்கள் ஊர், முன்னோர் பெயர் இரண்டையும் சொல்லப் போவதில்லை. அது என் அண்ணாவின் விருப்பம். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

1975-ல் எனக்கு அந்தமானில் உத்தியோகம் கிடைத்தது. சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள் பயணம். புறப்படும் முன் கும்பகோணம் பக்கத்து எங்கள் கிராமத்துக்குப் போய்ப் பாட்டிக்கு நமஸ்காரம் பண்ணினேன். அப்பாவைப் பெற்ற பாட்டி. எண்பது தாண்டியிருந்தது. எந்த ஊர் என்று கேட்டாள். சொன்னேன். ஆசீர்வாதம் பண்ணக் கையைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். "அந்தத் தீவுக்காடா? நம்மாத்திலே ஒருத்தர் போனது போறாதா?" என்றாள். அப்பா சட்டென்று "அம்மா!" என்று அதட்டினார். பேச்சு அத்தோடு முடிந்தது.

இரண்டு வருஷம் கழித்து லீவில் போனபோது, யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, "அங்கே நம்மவா யாராவது இருக்காளா?" என்று பாட்டி கேட்டாள். "இருக்கா பாட்டி, ஆபீஸிலே வேலை பாக்கறவா நாலைஞ்சு குடும்பம்" என்றேன். "நான் அவாளைக் கேக்கலை" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். மறு வருஷம் காலமானாள். அவள் யாரைக் கேட்டாள் என்று புரிய எனக்கு முப்பத்தைந்து வருஷம் பிடித்தது.

2011-ல் என் பெரியப்பா பிள்ளைக்கு பீமரத சாந்தி. சங்கல்பத்துக்காக வாத்தியார் தகப்பனாரின் சர்மா பெயரைக் கேட்டார். அவன் சொன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் வழக்கம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். மூத்த பிள்ளைக்குத் தகப்பனார்வழித் தாத்தா பெயர், மூத்த பெண்ணுக்குப் பாட்டி பெயர். அப்படியானால் என் பெரியப்பாவுக்குத் தாத்தாவின் தகப்பனார் பெயர்தானே இருக்க வேண்டும்? நான் அமாவாசைதோறும் மூன்றாவதாகச் சொல்லும் பெயர் அது இல்லை. வேறு பெயர்.

சொன்னால் சிரிப்பீர்கள். நம்மில் வம்சாவளி தேடுகிறவர்களுக்குக் கல்வெட்டு, செப்பேடு எல்லாம் வேண்டாம், முதலில் வீட்டில் பிறந்த குழந்தைகளின் நாமகரணப் பெயர்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்பி வரும். எங்கே வரவில்லையோ அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

அப்போதுதான் ரிடையராகி இருந்தேன். சென்னைக்கு வந்து எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் குடும்பத்துக்குக் கொஞ்சம் இனாம் நிலம் இருந்தது என்று தெரியும். 1858-ல் இனாம் கமிஷன் ஏற்பட்டு, கிராமம் கிராமமாக ஒவ்வொரு இனாமையும் விசாரித்துப் பதிவு செய்தார்கள். யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, இப்போது அனுபவிப்பவர் யார், அவருக்கும் முதலில் வாங்கியவருக்கும் என்ன உறவு, வாரிசுகள் யார் என்றெல்லாம் அதில் இருக்கும். நமக்கு அது ஒரு பொக்கிஷம். நம்மில் பலருடைய பூர்வீகத்தை ஏழெட்டுத் தலைமுறைக்கு அதில் பிடித்துவிடலாம். வரி விதிக்கத்தான் எழுதினார்கள், நம் பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும் என்று எழுதவில்லை. இருந்தாலும் எழுதினார்கள்.

எங்கள் வீட்டுக் கணக்குப்படி என் கொள்ளுத்தாத்தா ஒரே பிள்ளை. இனாம் ரெஜிஸ்தரில் அவருடைய தகப்பனாருக்கு வாரிசு இரண்டு பேர் இருந்தார்கள். மூத்தவருக்கு எட்டு வயசு, இளையவர் கைக்குழந்தை. மூத்தவர் பெயர் நாங்கள் தர்ப்பணத்தில் சொல்லும் பெயர். இளையவர் பெயர் என் பெரியப்பாவின் சர்மா பெயர்.

அம்மாவிடம் கேட்டேன். அப்பா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அம்மாவுக்கு அப்போது எண்பத்தேழு. முதலில் "எனக்கென்ன தெரியும்" என்றாள். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு தானாகவே சொன்னாள். "உன் தாத்தா பெத்த அம்மாவையே சித்தின்னுதான் கூப்பிடுவாராம். உன் பாட்டி என்கிட்டே ஒரு தடவைதான் சொன்னா. அவா ஆத்துக்காரர் ஜெயிலுக்குப் போனவர். தீவாந்தரம். வீட்டிலே எல்லாரும் தலைமுழுகிட்டா. ஆனா அந்த அம்மா கடைசி வரைக்கும் நெத்திக்கு இட்டுண்டுதான் இருந்தாளாம். ஊரே சிரிச்சுதாம்."

ஆக, மூத்தவர் தம்பியின் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்திருக்கிறார். கோத்திரம் ஒன்று, சூத்திரம் ஒன்று, அபிவாதனத்தில் ஒரு எழுத்து மாறாது. அதனால்தான் மூன்று தலைமுறையாக ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அவரைக் குறை சொல்ல நான் தயாரில்லை. தீவாந்தரம் போனவன் பிள்ளைக்கு அந்தக் காலத்தில் யார் பெண் கொடுப்பார்கள்? பெண் கொடுத்திருக்காவிட்டால் நான் இங்கே நின்று பேசிக் கொண்டிருக்க மாட்டேன்.

இனி தீவுப் பக்கம் வருகிறேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே தேட வேண்டியதாகிவிட்டது. தெரிந்தவர்களிடம் சொன்னபோது எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "தியாகியா?" அந்தமான் என்றால் நமக்குச் செல்லுலார் ஜெயில், அங்கே கோபுரத்தில் மாகாண வாரியாகப் பெயர் பொறித்த பளிங்குப் பலகைகள். வருகிறவர்கள் எல்லாம் தங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஜெயில் கட்டி முடிந்தது 1906-ல். குடியேற்றம் தொடங்கியதோ 1858 மார்ச்சில், டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் இருநூறு கைதிகளோடு வந்து இறங்கியபோது. 1857 கலகத்தில் பிடிபட்டவர்கள் அவர்கள். அதற்கும் முன்பே பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா என்று கைதிகளை அனுப்பிக் கொண்டுதான் இருந்தார்கள். மருது சகோதரர்களின் போருக்குப் பிறகு 1802-ல் 72 பேரைப் பினாங்குக்குக் கடத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். 1901-ல் அந்தமானில் ஏறக்குறைய 12,000 கைதிகள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தியாகிகள் இல்லை. கொலை, கொள்ளை, மோசடி. அவர்களுக்கும் பேரன், கொள்ளுப்பேரன் இருக்கிறார்கள். பலகைதான் இல்லை.

அந்தமானிலேயே பழைய காகிதம் கிடைப்பது கஷ்டம். தலைமை அலுவலகம் இருந்தது ராஸ் தீவில். 2018 முதல் அது நேதாஜி பெயரில் இருக்கிறது. 1941 ஜூனில் பெரிய பூகம்பம். மறு வருஷம் மார்ச் 23-ஆம் தேதி ஜப்பானியர் வந்து இறங்கினார்கள். 1945 வரை அவர்கள் ராஜ்யம். அப்புறம் மழை, கரையான், ஈரக்காற்று. 2004 சுனாமியில் நிக்கோபார் பக்கம், கச்சால் தீவில் இலங்கையிலிருந்து வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்கள் உள்பட, ரேஷன் கார்டு வரை பறிகொடுத்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். கடலைச் சுற்றி வைத்துக் கொண்டு காகிதத்தைக் காப்பாற்றுவது லேசான காரியமில்லை. நான் வீட்டு வாசலில் தேடினால் இல்லை. டில்லியிலும் எழும்பூரிலும் இருந்தது. மத்திய அரசின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்துறைக் கோப்புகளில் போர்ட் பிளேயர் என்றே ஒரு தனிப் பிரிவு. இப்போது அபிலேக் படல் என்ற இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். எனக்கு அந்த வசதி பாதியில்தான் கிடைத்தது.

தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. ஒரு வருஷம் வீணாயிற்று. வழி காட்டியவன் அமெரிக்காவில் மாசசூஸெட்ஸில் இருக்கும் என் மருமான். அவனைப் பார்க்கப் போயிருந்தபோது பக்கத்து ஊர் டவுன் ஹாலுக்கு அழைத்துப் போனான். அங்கே சிற்றூர்களில்கூட ஊர் எழுத்தர் என்று ஒருவர் உண்டு. பிறப்பு, இறப்பு, கல்யாணம், வேலித் தகராறு எல்லாவற்றையும் முந்நூறு வருஷத்துக்கு மேலாக ஒரே புத்தகத்தில் எழுதி வந்திருக்கிறார்கள். நம் ஊர்க் கர்ணம் மாதிரி என்று நினைத்துக் கொண்டேன். ஒரு பக்கத்தைக் காட்டி, "மாமா, இதைப் படிங்கோ" என்றான். புதிதாக ஊருக்குள் வந்த ஏழைக் குடும்பங்களை, நாளைக்கு இவர்களுக்குச் சோறு போடும் பாரம் ஊர் தலையில் விழுமோ என்று பயந்து, வெளியேறச் சொல்லிக் கொடுத்த உத்தரவுகள். வார்னிங் அவுட் என்று பெயராம். புருஷன், பெண்டாட்டி, குழந்தைகள் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் எல்லாம் எழுதியிருக்கிறது. நிலம் இல்லை, சொத்து இல்லை, உயில் இல்லை, வேறு எந்தப் புத்தகத்திலும் இவர்கள் பெயர் இருக்காது. துரத்திய உத்தரவில் மட்டும் இருக்கிறது. அங்கே வம்சாவளி தேடுகிறவர்கள் அதை வைத்துத்தான் ஏழை முன்னோர்களைப் பிடிக்கிறார்கள்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. குடும்பம் கௌரவமானவர்கள் பெயரை எழுதி வைக்கிறது. சர்க்கார் தண்டித்தவன் பெயரை எழுதி வைக்கிறது. எங்கள் வீட்டில் அழித்த பெயரைச் சர்க்கார் எங்காவது பத்திரமாக வைத்திருக்கும்.

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தான். "பேரை வெச்சுத் தேடாதீங்கோ, ஊரை வெச்சுத் தேடுங்கோ." எவ்வளவு சரி! வெள்ளைக்கார குமாஸ்தா காதில் சுப்பையன் என்பது சூபியன் என்று விழும், ராமையன் ராமியன் ஆவான். நமக்கு வம்சப் பெயர் கிடையாது. ஊர், தகப்பனார், பெயர் என்ற வரிசையில் எது முன்னால், எது பின்னால் என்று எழுதுகிறவனுக்கே தெரியாது. ஊர்ப் பெயரும் சிதையும், ஆனால் தாலுகா பெயர் சிதையாது. தாலுகாவைப் பிடித்துக் கொண்டு மறுபடி எழும்பூரில் உட்கார்ந்தேன். பதினோராம் நாள் கிடைத்தார்.

1889. பெயர், தகப்பனார் பெயர், ஜாதி பிராமணன், வயது இருபத்தெட்டு, ஊர், தாலுகா. குற்றம், பத்திர மோசடி. அந்நாளைய இந்தியத் தண்டனைச் சட்டம் 467-ஆம் பிரிவில், மதிப்புள்ள பத்திரத்தைப் பொய்யாகத் தயாரித்தால் ஆயுள் முழுக்க நாடு கடத்தலாம். (நாடு கடத்தல் என்ற தண்டனையே 1955-ல் சட்டம் திருத்தி எடுக்கப்பட்டுவிட்டது.) யாருடைய நிலத்துக்குப் பொய்ப் பத்திரம் எழுதினார், தனக்காகவா, வேறு யாராவது கூலி கொடுத்து எழுதச் சொன்னார்களா என்று அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் குலத்தில் தியாகி யாரும் இல்லை என்பது மட்டும் தெளிவாகிவிட்டது.

அங்க அடையாளமும் எழுதியிருந்தார்கள். தப்பி ஓடினால் பிடிக்க வேண்டுமே. உயரம் ஐந்தடி நாலங்குலம். இரண்டு காதிலும் துளை. வலது புருவத்தின் மேல் பழைய தழும்பு. எங்கள் வீட்டில் மூத்தவருக்குப் படம் கிடையாது, எப்படி இருப்பார் என்று சொல்ல ஒருவரும் இல்லை. பேரைத் துடைத்த இளையவர் எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியும். என் உயரமும் ஐந்தடி நாலங்குலம்தான். வாசகசாலையில் அதைப் படித்துவிட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் மரத்தடியில் நின்றேன்.

படித்த கைதிகளைத் தீவில் முன்ஷியாக, அதாவது எழுத்து வேலைக்கு, வைத்துக் கொள்வார்கள். இவரும் அப்படித்தான் இருந்திருக்கிறார். பத்திரம் எழுதி மாட்டிக் கொண்டவர் கடைசியில் சர்க்கார் பேரேட்டையே எழுதியிருக்கிறார்! பத்து வருஷம் போல ஒழுங்காக இருந்தால் சொந்தப் பிழைப்புக்கு டிக்கெட் கொடுப்பார்கள். குடிசை போட்டுக் கொள்ளலாம், நிலம் குத்தகைக்கு எடுக்கலாம், மாடு வைத்துக் கொள்ளலாம். ஊரிலிருந்து பெண்டாட்டி பிள்ளைகளை வரவழைத்துக் கொள்ளவும் மனுப் போடலாம். சர்க்காருக்கும் அதில் இஷ்டம்தான். குடும்பம் வந்தால் ஆள் அடங்கி இருப்பான். 1900-ல் அவர் மனுப் போட்டிருக்கிறார். மனைவியையும் பிள்ளையையும் அனுப்பி வைக்கும்படி. தீவிலிருந்து சென்னைக்கு, சென்னையிலிருந்து கலெக்டருக்கு, கலெக்டரிடமிருந்து தாசில்தாருக்கு. தாசில்தார் விசாரித்து ஒரு வரி பதில் எழுதினார். "உறவினர் அனுப்ப இசையவில்லை."

உறவினர் யார்? அந்த வீட்டில் பதில் சொல்லக் கூடியவர் மூத்தவர் ஒருவர்தான். அந்த அம்மாவைக் கூப்பிட்டு யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? அவள் நெற்றியில் குங்குமம் மட்டும் எனக்குத் தெரியும். பிள்ளைக்கு அப்போது பதினாலு வயசு. என் தாத்தா. திண்ணையில் தாசில்தார் ஆள் வந்து உட்கார்ந்து விசாரித்தபோது அவர் எங்கே இருந்தார், காதில் விழுந்ததா? ஒன்றும் தெரியாது. அவர் ஆயுசு பரியந்தம் தர்ப்பணத்தில் பெரியப்பா பெயரைத் தகப்பனாராகச் சொன்னார். ஆனால் 1908-ல் மூத்த பிள்ளை பிறந்ததும் பெற்ற தகப்பனார் பெயரை வைத்தார். மூத்தவர் என்ன சொன்னாரோ. வைத்தார்.

1903-ஆம் வருஷத்து ஒரு பட்டியலில் அவர் பெயர் மறுபடி வருகிறது. அதற்கு மேல் இல்லை.

இனி நான் என்ன செய்வது? அண்ணாவுக்கு ஃபோன் பண்ணினேன். மாட்டுங்காவில் இருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தாத்தா சொன்ன பேரை அப்பா சொன்னார். அப்பா சொன்னதை நான் சொல்றேன். பெத்த பிள்ளைக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுடுத்து?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. நியாயமான கேள்விதான்.

வாத்தியாரிடம் போனேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "தத்த ஹோமம் நடந்துதா?" முறைப்படி ஸ்வீகாரம் ஆகியிருந்தால் மூத்தவர்தான் தகப்பனார், பேச்சே இல்லை. சார்பதிவாளர் ஆபீஸில் 1889-லிருந்து பத்து வருஷத்துக்குத் தேடச் சொல்லிப் பணம் கட்டினேன். ஸ்வீகார பத்திரம் ஒன்றும் பதிவாகவில்லை. பதிவு செய்யாமலும் ஹோமம் நடந்திருக்கலாம் என்றார் வாத்தியார். தகப்பனார் உயிரோடு தீவில் இருக்கும்போது, அவர் சம்மதம் இல்லாமல் பிள்ளையைத் தத்தம் கொடுக்க முடியுமா என்று நான் கேட்டேன். பெரிய கேள்வி கேட்கிறீர்கள் என்று சிரித்தார். காசிக்குப் போனபோது, தாத்தா 1932-ல் இறங்கியிருந்த வீட்டில், யாத்திரிகர் நோட்டில் அவர் தன் கைப்பட என்ன பெயர் எழுதியிருக்கிறார் என்று பார்க்கலாம் என்று ஆசைப்பட்டேன். அந்த வருஷத்து நோட்டைக் கரையான் சாப்பிட்டுவிட்டது. ஹரித்வாரில் பண்டாக்களின் குடும்ப நோட்டுகளை அமெரிக்காவில் ஸால்ட் லேக் நகரத்து வம்சாவளிச் சங்கத்தார் படம் எடுத்துப் பாதுகாத்திருக்கிறார்கள். காசி வீட்டுக்கு அந்த பாக்கியம் இல்லை.

கடைசியில் நானே முடிவு செய்தேன். மூன்றாவது இடத்தில் இளையவர் பெயரைச் சொல்கிறேன். மூத்தவரைக் காருண்ய பித்ருக்களில் சொல்கிறேன். சோறு போட்டவர், விட முடியுமா? இளையவருக்குத் திதி தெரியாது, ஆகையால் மஹாளய அமாவாசை. அண்ணா பழையபடியே சொல்கிறார். ஒரே அமாவாசையில் மாட்டுங்காவில் ஒரு பெயர், டாலிகஞ்சில் ஒரு பெயர். இதைச் சரி என்றோ தப்பு என்றோ சொல்லக் கூடிய பெரியவர்கள் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். பிறகு தனியாகச் சொல்லுங்கள், கேட்டுக் கொள்கிறேன்.

டாலிகஞ்சில் என் பக்கத்து வீட்டுப் பெரியவர் லோக்கல் பார்ன். கைதிகளின் சந்ததிக்கு அங்கே அதுதான் பெயர். டிக்கெட் வாங்கிய ஆண் கைதிகளும் பெண் கைதிகளும் சர்க்கார் அனுமதியோடு கல்யாணம் செய்து கொண்டார்கள். ஜாதி, பாஷை, சில இடங்களில் மதம்கூடக் குறுக்கே நிற்கவில்லை. 1942-க்கு முன் குடியேறியவர்கள் என்றே பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஒரு பிரிவு உண்டு, அதனால் பாட்டன் பெயர் அங்கே வேலைக்கும் படிப்புக்கும் வேண்டியிருக்கிறது. ஆனால் என்ன குற்றத்துக்காக வந்தார் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. முப்பது வருஷம் தினம் சாயங்காலம் அவரோடு டீ குடித்திருக்கிறேன். என் கதையைச் சொன்னேன். 1903-க்குப் பிறகு எங்களவர் அங்கே கல்யாணம் செய்து கொண்டிருக்கலாம், குழந்தைகள் இருந்திருக்கலாம் இல்லையா, எங்கள் பங்காளிகள் இந்தத் தெருவிலேயே இருந்தாலும் இருப்பார்களோ என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஹிந்துஸ்தானியில் சொன்னார், "இருந்தால் என்ன செய்வாய்? தர்ப்பணத்தில் சேர்த்துக் கொள்வாயா, கல்யாணத்துக்குக் கூப்பிடுவாயா?" கூப்பிடுவேன் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த ஒரு நிமிஷத்தை அவர் கவனித்தார். நானும் கவனித்தேன். பாட்டி கேட்டது அவர்களைத்தான்.

இன்னும் ஒரு பாக்கி இருக்கிறது. தர்ப்பணத்தில் மாத்ரு வர்க்கம் உண்டே, அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி. மூன்றாவது இடத்தில் நாங்கள் சொல்லி வந்தது மூத்தவர் மனைவியின் பெயர். இளையவர் பெயராவது சர்க்கார் காகிதத்தில் பிழைத்தது. அந்த அம்மாவின் பெயர் அதிலும் இல்லை. மனுவில், தாசில்தார் பதிலில், எல்லா இடத்திலும் "மனைவி" என்று மட்டும். அமெரிக்காவிலும் இதே கதைதான் என்றான் மருமான். 1790-ல் எடுத்த முதல் குடிக்கணக்கில் குடும்பத் தலைவன் பெயர் மட்டும் உண்டு, மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1850-ல்தான் வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரும் வந்தது. அப்போதும் அடிமைகளுக்குப் பெயர் கிடையாது, வயது, பால், நிறம் மட்டும். நம் நாட்டுக் குடிக்கணக்கில் தனி மனிதர் பெயருள்ள தாளைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது. பெயர் தெரியாவிட்டால் சொல்லுவதற்குச் சாஸ்திரத்தில் வழி இருக்கிறது என்று வாத்தியார் சொல்லிக் கொடுத்தார். அப்படியே சொல்லி வருகிறேன். மனசு கேட்கவில்லை.

மூத்த பெண்ணுக்குப் பாட்டி பெயர் என்று சொன்னேன் இல்லையா? தாத்தாவுக்கு 1911-ல் ஒரு பெண் பிறந்தாள். என் பெரிய அத்தை. ஆனால் பாட்டி உயிரோடு இருக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லிக் குழந்தையை அதட்ட முடியுமா? வீட்டில் குஞ்சு என்றே கூப்பிட்டார்கள். அம்மாவுக்கும் குஞ்சு அத்தை என்றுதான் தெரியும். மெட்ராஸ் மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899-லேயே வந்துவிட்டது, கிராம முன்சீப் எழுதுவார் என்று நம்பிப் போய்ப் பார்த்தேன். "பெண் குழந்தை" என்று இருக்கிறது. பெயர்க் கட்டம் காலி. நாமகரணத்துக்கு முன்பே எழுதிவிட்டார்கள்.

குஞ்சு அத்தைக்குப் பத்து வயசில் கல்யாணம். பன்னிரண்டில் போய்விட்டாள். அத்திம்பேர் மறு கல்யாணம் செய்து கொண்டார். அந்தச் சந்ததி இப்போது புனேயில் இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்து கொண்டேன். அவர்கள் வீட்டில் மூத்தாள் பெயரை விடாமல் சொல்லித் தர்ப்பணம் செய்கிறவர்களாக இருந்தால், குஞ்சு அத்தையின் பெயர் அங்கே இருக்கும். அதுதான் என் கொள்ளுப்பாட்டியின் பெயர். போன மாதம் கடிதம் போட்டிருக்கிறேன். யார், என்ன, எதற்காகக் கேட்கிறேன் என்று நாலு பக்கம் எழுத வேண்டியிருந்தது. தை அமாவாசைக்குள் பதில் வந்தால் நல்லது.